இருக்கிற பில்லை 'இல்லை' என்கிறது போஸ்ட்கிரெஸ்: சர்வர் மாற்றியபின் இண்டெக்ஸ் குழப்பம்

பின்னிரவு_கோடர்

வணக்கம். மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கான பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 13. சர்வர் சென்ட்ஓஎஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டதால் ராக்கி லினக்ஸ் 9 போட்ட புது மெஷினுக்கு மாறினோம். போஸ்ட்கிரெஸ் பதிப்பைத் தொடவில்லை, அதே 13. பழைய மெஷினில் சர்வீஸை முறையாக நிறுத்திவிட்டு டேட்டா டைரக்டரியை அப்படியே ஆர்சிங்க் செய்து (ஃபைல்களை நகலெடுத்து) புதியதில் ஏற்றினோம். சுத்தமாகக் கிளம்பியது. லாகில் ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். பில் எண் எங்களிடம் எழுத்துப் புலம், கிளை எண், நடுவில் கோடு, பிறகு வரிசை எண், அதாவது 2-15 மாதிரி. கவுண்டரில் ஒரு பில் எண்ணை அடித்துத் தேடினால் "இல்லை" என்று வருகிறது. அதே பில், தேதி வாரியான பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. இதைவிட மோசம், அந்த எண்ணையே மறுபடி போட்டால் ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் பார்க்கும் யூனிக் கட்டுப்பாடு தடுக்காமல் உள்ளே விடுகிறது. இப்போது ஒரே எண்ணில் இரண்டு பில்கள். எல்லா எண்ணுக்கும் இப்படி இல்லை, சிலதுக்கு மட்டும். டிஸ்க் சோதித்தாயிற்று, பைட் கெட்டால் காட்டிக்கொடுக்கும் செக்சம் போட்டிருக்கிறோம், அதிலும் பிழை இல்லை. எங்கே பார்ப்பது?

எட்டுக்கேபி

டிஸ்கை விடுங்கள். இரண்டு மெஷினிலும் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். ஒரு ஃபைலில் இரண்டே வரி: முதல் வரி 1-1, இரண்டாம் வரி 11. வரிசை விதியைத் தீர்மானிக்கும் எல்சி_கொலேட்டை அமெரிக்க ஆங்கிலம் யுடிஎஃப்-8 என்று வைத்து லினக்ஸின் சார்ட் கட்டளையில் அந்த ஃபைலை ஓட்டிப் பார்த்து இங்கே போடுங்கள். தரவுத்தளத்தின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்ன என்பதையும் சொல்லுங்கள்.

பின்னிரவு_கோடர்

கொலேஷன் அதேதான், அமெரிக்க ஆங்கிலம் யுடிஎஃப்-8. பழைய மெஷினில் முதலில் 11, பிறகு 1-1. புதியதில் முதலில் 1-1, பிறகு 11. தலைகீழாக வருகிறது!

எட்டுக்கேபி

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. இது லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு விவகாரம். நிதானமாகப் படியுங்கள், புரிந்துகொண்டால்தான் சரியாகச் சரிசெய்ய முடியும்.

போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலையைப் பல காலமாக இயங்குதளத்திடம் ஒப்படைத்து வைத்திருக்கிறது. இரண்டு சொற்களைக் கொடுத்து எது முந்தி என்று கேட்கும், ஜிலிப்சி பதில் சொல்லும். 2018 ஆகஸ்டில் வந்த 2.28-இல் ஜிலிப்சி தன் வரிசைத் தரவு முழுவதையும் ஐஎஸ்ஓ 14651 தரத்தின் 2016 பதிப்புக்கு ஏற்ப மாற்றியது. அநேகமாக எல்லா மொழிக்கும் வரிசை எங்காவது ஓரிடத்தில் மாறியது. உங்கள் சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது 2.17, ராக்கி 9-இல் இருப்பது 2.34. நடுவில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். டெபியனில் 9-இலிருந்து 10-க்குப் போனவர்களும், உபுண்டுவில் 18.04-இலிருந்து 20.04-க்குப் போனவர்களும் தாண்டியது இதே கோட்டைத்தான்.

உங்கள் பில் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விதியில் கோடு, புள்ளி, இடைவெளி போன்ற குறிகளை முதல் சுற்றில் கணக்கிலேயே எடுக்காது. 2-15 என்பது 215 மாதிரி நடத்தப்படும். அதனால் 21 முன்னால், 2-15 பின்னால். புது விதியில் கோட்டுக்கும் மதிப்பு உண்டு, அது எண்களுக்கு முன்னால் வரும். அதனால் 2-15 முன்னால், 21 பின்னால்.

இப்போது இண்டெக்ஸுக்கு, அதாவது வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியலுக்கு வாருங்கள். அதன் வழக்கமான வடிவமான பி-ட்ரீ என்பது வரிசையாக அடுக்கிய பக்கங்கள், ஒவ்வொன்றும் 8 கேபி. மேல் பக்கத்தில் "21-க்கு முந்தியவை இடப்பக்கம், பிந்தியவை வலப்பக்கம்" என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷின் 2-15-ஐ வலப்பக்கம் வைத்தது. புது மெஷின் அதே 2-15-ஐத் தேடும்போது "இது 21-க்கு முந்தியது" என்று இடப்பக்கம் இறங்குகிறது. அங்கே இல்லை. "இல்லை" என்று பதில் சொல்லிவிடுகிறது. நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை, பிழைச் செய்தி வர எந்த இடமும் இல்லை. யூனிக் சோதனையும் அதே வழியில்தான் இறங்குகிறது, ஏற்கெனவே இருப்பதைக் காணாது, புதியதை உள்ளே விடும். சில எண்களுக்கு மட்டும் ஏன் என்றால், வழிகாட்டிக்கு அருகில் விழுகிறவைதான் சிக்கும், மற்றவை இரண்டு விதியிலும் ஒரே பக்கம் போகும்.

செக்சம் ஏன் பிடிக்கவில்லை என்பதும் இதனால்தான். பைட்டுகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. அகராதியை ஒருவர் ஒரு வரிசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போக, வேறு வரிசை தெரிந்த இன்னொருவர் அதில் தேடுகிறார், அவ்வளவுதான்.

பின்னிரவு_கோடர்

இப்போது புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. பழைய மெஷின் இன்னும் இருக்கிறது. டேட்டாவைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய்விட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடாதா?

எட்டுக்கேபி

ஆகாது. புது மெஷினில் ஓடிய நேரத்தில் சேர்ந்த பில்கள் புது விதிப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. திரும்பிப் போனால் பழையவை கிடைக்கும், புதியவை காணாமல் போகும். இப்போது அந்த இண்டெக்ஸ் எந்த விதிக்கும் சொந்தமில்லை. எந்த மெஷினில் இருந்தாலும் மறுபடி கட்டத்தான் வேண்டும். ஏற்கெனவே மாறிவிட்டீர்கள், அங்கேயே இருங்கள்.

வேலையின் வரிசை முக்கியம், அதையும் சொல்லிவிடுகிறேன். நேராக ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸை மறுபடி கட்டும் கட்டளை) ஓட்டினால் யூனிக் இண்டெக்ஸ்கள் தோற்கும், ஏனென்றால் டேபிளில் ஏற்கெனவே இரட்டைப் பதிவுகள் நுழைந்துவிட்டன. முதலில் அவற்றைக் கண்டுபிடியுங்கள். அந்த செஷனில் மட்டும் இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்துவிட்டு, டேபிளை முழுதாகப் படிக்கவைத்து, பில் எண்படி குரூப் செய்து, ஒன்றுக்கு மேல் இருப்பதை எடுங்கள். இண்டெக்ஸை அணைக்காமல் செய்தால் அந்தக் கெட்ட இண்டெக்ஸ் வழியாகவே போய் உங்களுக்குப் பாதிக் கணக்குத்தான் காட்டும். இரட்டையில் எதை வைப்பது என்பது கடைக்காரர் சொல்ல வேண்டிய முடிவு, நீங்கள் எடுக்காதீர்கள். நீக்கும்போது பில் எண்ணை வைத்து நீக்காமல் டேபிளில் அந்தப் பதிவின் இருப்பிடத்தைக் குறிக்கும் சிடிஐடியை வைத்து நீக்குங்கள்.

அப்புறம் ரீஇண்டெக்ஸ். பதிப்பு 12 முதல் கன்கரன்ட்லி என்று சேர்க்கலாம், கவுண்டர் வேலை நிற்காது. டெக்ஸ்ட், வார்சார், சார் புலங்களில் உள்ள, கொலேஷன் சி (வெறும் பைட் வரிசை) அல்லாத எல்லா இண்டெக்ஸும் இதில் வரும். முழு எண், தேதி, யூயூஐடி இவற்றின் இண்டெக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. முடித்தபின் ஏஎம்செக் நீட்சியை நிறுவி ஒவ்வொன்றையும் சோதியுங்கள், டேபிளில் உள்ள எல்லாப் பதிவும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வையும் சேர்த்து.

டாக்கர்_தம்பி

அண்ணா, எங்களிடம் டாக்கர்தான், மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டிய இமேஜாக ஓட்டுகிறோம், ஓஎஸ் அப்டேட் என்று ஒன்று கிடையவே கிடையாது. இமேஜ் டேகை மட்டும் மாற்றுவோம். எங்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

எட்டுக்கேபி

உங்களுக்குத்தான் தம்பி கவலை அதிகம். இமேஜுக்குள் ஓர் இயங்குதளம் இருக்கிறது, டேக் மாறும்போது அதுவும் சத்தமில்லாமல் மாறும். டெபியன் அடிப்படையில் ஓடிய வால்யூமை, அதாவது தரவுச் சேமிப்பை, இமேஜ் சிறியது என்பதற்காக ஆல்பைன் டேகுக்கு மாற்றுகிறவர்கள் நிறையப் பேர். ஆல்பைனில் ஜிலிப்சியே கிடையாது, இருப்பது மஸ்ல். மஸ்லில் மொழி வரிசை என்ற ஒன்றே இல்லை, எந்த லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) பெயரைக் கொடுத்தாலும் பைட் வரிசையில்தான் ஒப்பிடும். அதாவது ஜிலிப்சியின் ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைவிடப் பெரிய தாவல் அது. தரவுத்தளம் தன் லொகேல் அமெரிக்க ஆங்கிலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும், நடப்பது வேறு.

ரெப்ளிகாவுக்கும் (தரவுத்தளத்தின் நகல் சர்வர்) இதே கதை. ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் பக்கங்களைப் பைட் பைட்டாக நகலெடுக்கிறது. பிரைமரி (மூல சர்வர்) பழைய ஓஎஸ், ஸ்டாண்ட்பை (நகல்) புது ஓஎஸ் என்று வைத்தால் ஸ்டாண்ட்பையில் ஓடும் ரிப்போர்ட்டுகள் தப்பாக வரும். பிறகு அதையே பிரைமரியாக உயர்த்தினால் இரட்டைப் பதிவுகள் ஆரம்பிக்கும். ஓஎஸ் தாண்டும்போது லாஜிக்கல் ரெப்ளிகேஷனோ டம்ப் எடுத்து மீட்பதோ பாதுகாப்பு. இரண்டிலும் மதிப்புகள் மட்டும் போகின்றன, இண்டெக்ஸ் அந்தப் பக்கம் புதிதாகக் கட்டப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் பதிப்பை உயர்த்தும் பிஜி_அப்கிரேட் இதில் உதவாது, அது பழைய இண்டெக்ஸ் ஃபைல்களையே எடுத்துக்கொள்ளும்.

யூனிகோட்_பிரியர்

இதற்குத்தான் ஐசியூ என்ற யூனிகோட் நூலகம் இருக்கிறதே. போஸ்ட்கிரெஸ் 10-இலேயே வந்துவிட்டது, 15-இலிருந்து முழு தரவுத்தளத்துக்குமே ஐசியூவை வைக்கலாம். ஜிலிப்சியை நம்புவதை நிறுத்திவிட்டு ஐசியூவுக்கு மாறினால் எல்லா ஓஎஸ்ஸிலும் ஒரே வரிசை, ஒவ்வொரு கொலேஷனுக்கும் பதிப்பு எண், மாறினால் எச்சரிக்கை. இதைவிட என்ன வேண்டும்?

எட்டுக்கேபி

ஐசியூ நல்ல நூலகம், மறுக்கவில்லை. ஆனால் அது தீர்வு இல்லை, அதே நோய்க்கு ஒழுங்கான லேபிள் ஒட்டிய வடிவம். யூனிகோட் அநேகமாக ஆண்டுதோறும் புதிய பதிப்பு விடுகிறது, மொழி விதிகளைத் தரும் சிஎல்டிஆரும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது, ஓஎஸ்ஸை மாற்றும்போது ஐசியூவும் கூடவே மாறுகிறது. வரிசை மாறும், எச்சரிக்கை வரும், ரீஇண்டெக்ஸ் செய்துதான் ஆக வேண்டும்.

எச்சரிக்கையைப் பற்றி ஒன்று. பின்னிரவு_கோடருக்கு ஏன் ஒரு வரிகூட வரவில்லை தெரியுமா? ஜிலிப்சி பதிப்பைப் பதிந்துவைப்பது 13-இல் வந்தது, ஆனால் தனியாக உருவாக்கிய கொலேஷன்களுக்கு மட்டும். தரவுத்தளத்தின் இயல்பான கொலேஷனைக் கண்காணிப்பது 15-இல்தான் வந்தது. எல்லோரும் பயன்படுத்துவது அந்த இயல்பானதைத்தான். 15 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை வரும், கூடவே "ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் ஓட்டு" என்று குறிப்பும் வரும். தயவுசெய்து அதை முதலில் ஓட்டாதீர்கள். அந்தக் கட்டளை எதையும் சரிசெய்வதில்லை, புதுப் பதிப்பு எண்ணை எழுதிவைத்து எச்சரிக்கையை அடக்கும், அவ்வளவே. ரீஇண்டெக்ஸ் எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஓட்ட வேண்டியது அது. பலர் லாக் நிறைகிறதே என்று முதல் நாளே ஓட்டிவிட்டு, கெட்ட இண்டெக்ஸோடு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

என் கருத்து இதுதான். மொழி வரிசை என்பது திரைக்கு வேண்டிய விஷயம். சேமிப்புக்குள் அதைக் கொண்டுவந்ததுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். பில் எண், மின்னஞ்சல், பயனர் பெயர், பொருள் குறியீடு எல்லாம் சி கொலேஷனில் இருக்கட்டும். பைட் வரிசை, எந்தக் கமிட்டியும் அதை மாற்ற முடியாது. வேகமும் கூடும், ஏனென்றால் நேரடி பைட் ஒப்பீடு போதும். பதிப்பு 17-இல் வெளி நூலகமே தேவைப்படாத உள்ளமைந்த சி.யுடிஎஃப்-8 வந்திருக்கிறது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றமும் யூனிகோட்படி நடக்கும், வரிசை கோட்பாயின்ட்படி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுங்கள்.

நூலகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இன்னொரு சம்பவம். 2016 ஜனவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5-இல் சார்ட்டை வேகமாக்க, ஜிலிப்சியின் ஸ்டிரெக்ஸ்ஃபிரம் தரும் சுருக்கத்தை வைத்து ஒப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்டிரெக்ஸ்ஃபிரமும், நேரடியாக ஒப்பிடும் ஸ்டிர்கால்லும் ஒரே விடையைத் தர வேண்டும் என்பது தரம் சொல்லும் விதி. ஜிலிப்சியில் சில லொகேல்களில் அவை ஒத்துப்போகவில்லை. மூன்று மாதத்துக்குள் 9.5.2 வெளியிட்டு அந்த உத்தியை சி அல்லாத எல்லா லொகேலுக்கும் அணைத்தார்கள், பயனர்களை ரீஇண்டெக்ஸ் செய்யச் சொன்னார்கள். அங்கே ஓஎஸ்ஸே மாறவில்லை.

யூனிகோட்_பிரியர்

சரி, ஆனால் "திரைக்கு வேண்டிய விஷயம்" என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பயனருக்கு எது ஒன்று, எது வேறு என்பதும் மொழி விதிதான். சேமிப்பில் அது இல்லாமல் எப்படி? கொ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் குறியாகவும் யூனிகோடில் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். கண்ணுக்கும் ஒன்றேதான். உங்கள் சி கொலேஷனில் அவை இரண்டு வேறு சொற்கள், "கொடி" என்று இரண்டு பயனர் பெயர்கள் யூனிக் புலத்தில் நிம்மதியாக உட்காரும்.

எட்டுக்கேபி

நல்ல கேள்வி. ஆனால் அதை ஒப்பீட்டில் தீர்க்க வேண்டாம், நுழைவாயிலில் தீர்க்கலாம். உள்ளே வரும்போதே என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள், 13-இலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸிலேயே அதற்கு ஃபங்ஷன் இருக்கிறது, செக் கட்டுப்பாடாகவும் போடலாம். ஜிலிப்சி கொலேஷனில் வைத்தாலும் அந்த இரண்டு "கொடி"யும் சமமாகாது, கடைசியில் பைட்டைப் பார்த்துத்தான் போஸ்ட்கிரெஸ் சமம் என்று சொல்கிறது. சமமாக நடத்த வேண்டுமானால் 12-இல் வந்த நான்டிடெர்மினிஸ்டிக் ஐசியூ கொலேஷன் வேண்டும், அப்போது யூனிக் கட்டுப்பாடே ஐசியூ பதிப்பைச் சார்ந்துவிடும். எனக்கு அது பயமாக இருக்கிறது.

அகரமுதலி

நார்மலைஸ் செய்தாலும் தீராத ஒன்று நம் மொழியில் இருக்கிறது. ஸ்ரீ. இதைத் தமிழில் ஸ-வை வைத்தும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶ-வை வைத்தும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சில் ஒரே உரு. யூனிகோட் இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை, அதனால் என்எஃப்சி தொடாது. வாடிக்கையாளர் பட்டியலில் எத்தனை ஸ்ரீ இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கு நாமே ஒரு மாற்று விதி எழுதி நுழைவாயிலில் வைத்தால்தான் உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. சி கொலேஷன் எல்லாவற்றுக்கும் போதும் என்று முடித்துவிடாதீர்கள். தமிழுக்குக் கோட்பாயின்ட் வரிசை மிகவும் மோசம். நம் வரிசை க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து, ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால். ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். விளைவு, மரம் வர வேண்டிய இடத்துக்கு முன்னால் மனம் வரும். வலி, வழி, வளி என்று வர வேண்டியது வலி, வளி, வழி என்று வரும்.

அதைவிடப் பெரிய குறை புள்ளி. அகராதியில் மெய் முதலில், உயிர்மெய் பின்னால், அதனால்தான் கக்கம் முந்தியும் ககனம் பிந்தியும் இருக்கும். யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் மேலே, எல்லா மெய்களுக்கும் மேலே. பல, பலா, பலி எல்லாம் வந்து முடிந்து, பலகை, பலம் எல்லாம் முடிந்தபிறகுதான் பல் வரும். ஒரு பள்ளி வருகைப் பதிவேட்டையோ நூலகப் பட்டியலையோ இப்படி அச்சடித்துக் கொடுத்தால் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? இதை "பயனர் பழகிக்கொள்வார்" என்று விடுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. நம் வரிசை நம் பிள்ளைகள் முதல் வகுப்பில் கற்றது, மென்பொருள்தான் அதற்கு வளைய வேண்டும்.

எட்டுக்கேபி

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அந்தப் பட்டியல் தமிழ் வரிசையில்தான் வர வேண்டும். சேமிப்பு சி, காட்டும்போது தமிழ், இதுதான் என் வாதம். போஸ்ட்கிரெஸ்ஸில் ஐசியூ இருந்தால் தமிழுக்கு டிஏ-எக்ஸ்-ஐசியூ என்று ஒரு கொலேஷன் தயாராகவே இருக்கும். ஆர்டர் பை வரியில் அதைக் குறிப்பிட்டால் போதும், அந்தக் கணத்தில் வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும், எங்கேயும் எதுவும் சேமிக்கப்படாது, அதனால் நாளை ஐசியூ மாறினாலும் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. பட்டியல் மிகப் பெரியது, ஒவ்வொரு முறையும் சார்ட் செய்ய நேரமாகிறது என்றால் அந்தக் கொலேஷனில் தனியாக ஓர் இண்டெக்ஸ் கட்டுங்கள், யூனிக் ஆக்காதீர்கள். கெட்டுப்போனால் பட்டியலில் இடம் மாறும், பக்கம் பக்கமாகப் புரட்டும்போது சில பெயர் தவறும். அதுவும் குறைதான், ஆனால் ஒரே எண்ணில் இரண்டு பில் விழாது.

டாக்கர்_தம்பி

லைக் தேடலில் (தொடக்க எழுத்துகளை வைத்துத் தேடுவது) இண்டெக்ஸ் எடுக்கவில்லை என்று ஒரு பழைய புகார் எங்கள் டிக்கெட்டில் கிடக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

எட்டுக்கேபி

நேரடிச் சம்பந்தம். "பல என்று தொடங்குபவை" என்று கேட்டால், பல-வில் ஆரம்பித்து அடுத்த எழுத்துக்கு முன்வரை ஒரு வீச்சாகத் தேடினால் போதும் என்று தோன்றும். பைட் வரிசையில் அது சரி. தமிழ் வரிசையில்? பல் என்ற சொல்லும் அந்தத் தேடலில் அடங்கும், ஏனென்றால் யூனிகோடில் பல் என்பது பல-வும் அதன்மேல் ஒரு புள்ளியும். ஆனால் தமிழ் வரிசையில் பல் இருப்பது பல-வுக்கு முன்னால். பல-வில் ஆரம்பித்தால் பல் தவறிவிடும். செக் மொழியிலும் இதே தொல்லை: சி-ஹெச் சேர்ந்து ஓர் எழுத்து, அதன் இடம் ஹெச்சுக்குப் பிறகு. சி-யில் தொடங்குபவை என்று வீச்சு போட்டால் அந்தச் சொற்கள் எல்லாம் வெளியே. அதனால் போஸ்ட்கிரெஸ் சி அல்லாத கொலேஷனில் சாதாரண இண்டெக்ஸை லைக்குக்குப் பயன்படுத்தவே பயன்படுத்தாது. ஒன்று சி கொலேஷன், இல்லையென்றால் பைட் வரிசையில் ஒப்பிடும் டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் போட்டு இரண்டாவது இண்டெக்ஸ்.

மைஎஸ்க்யூஎல்_பக்கம்

எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சேர்க்கிறேன். மைஎஸ்க்யூஎல்லில் கொலேஷன் விதிகள் மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன, ஓஎஸ் மாறினால் மாறாது. அந்தத் தலைவலி இல்லை. ஆனால் சமம் எது என்பதையும் கொலேஷன்தான் முடிவுசெய்கிறது, அதில்தான் அடி.

பழைய யுடிஎஃப்8எம்பி4 ஜெனரல் கொலேஷனில் எல்லா எமோஜியும் ஒன்றுக்கொன்று சமம். ஜப்பானில் இதை சூஷி-பீர் பிரச்சினை என்றே சொல்கிறார்கள், சூஷி படத்தைத் தேடினால் பீர் படமும் வரும். 2018-இல் வந்த 8.0-இல் 0900 கொலேஷன்கள் எமோஜியைப் பிரித்துவிட்டன. ஆனால் அங்கே இயல்பாக வைத்திருக்கும் ஏஐ-சிஐ ஒலிக்குறிகளைக் கண்டுகொள்ளாது, அதனால் ஜப்பானியர்களுக்கு அம்மாவைக் குறிக்கும் ஹஹாவும் அப்பாவைக் குறிக்கும் பப்பாவும் ஒரே சொல்லாகிவிட்டன. அவர்களுக்காக ஜப்பானிய மொழிக்கென்றே தனிக் கொலேஷனும் 8.0-இல் இருக்கிறது.

ஓஎஸ் மாறினால் விதி மாறாது என்றேன், ஆனால் அவர்களே மாற்றியதும் உண்டு. 5.1.24-இல் யுடிஎஃப்8 ஜெனரல் கொலேஷனில் ஜெர்மன் எஸ்ஸெட் எழுத்தை எஸ்ஸுக்குச் சமமாக்கினார்கள். அந்த எழுத்து உள்ள பழைய இண்டெக்ஸ்கள் எல்லாம் செல்லாமல் போயின. பழைய விதி வேண்டும் என்றவர்களுக்காக பெயரில் மைஎஸ்க்யூஎல்500 என்று போட்டு இன்னொரு கொலேஷனையே பின்னால் சேர்க்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகு அவர்கள் கடைப்பிடிக்கும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது: யூனிகோட் 4.0-க்கு ஒரு கொலேஷன், 5.2-க்கு 520 என்று ஒன்று, 9.0-க்கு 0900 என்று ஒன்று. பெயரிலேயே பதிப்பு. பழையதைத் தொடுவதில்லை.

தமிழுக்கென்று தனிக் கொலேஷன் இங்கே கிடையாது, சிங்களத்துக்கு இருக்கிறது. அது ஒரு குறை.

அகரமுதலி

பெயரிலேயே பதிப்பு வைப்பதுதான் நியாயம். ஏனென்றால் மொழியின் வரிசையே மாறாத ஒன்று இல்லை. ஸ்பானிஷ் மொழி அகாடமிகள் 1994-இல் கூடி, சி-ஹெச்சையும் இரட்டை எல்லையும் இனி தனி எழுத்தாக வரிசைப்படுத்த வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் பழைய ஸ்பானிஷ், புது ஸ்பானிஷ் என்று இரண்டு கொலேஷன் இருப்பது அதனால்தான். ஸ்வீடனில் வி-யும் டபிள்யூவும் கலந்தே அடுக்கப்பட்டன, 2006-இல் அகாடமி தன் சொற்பட்டியலின் 13-ஆம் பதிப்பில் டபிள்யூவைத் தனி எழுத்தாகப் பிரித்தது. ஜெர்மனியில் ஒரே நேரத்திலேயே இரண்டு விதி, அகராதிக்கு ஒன்று, தொலைபேசி நூலுக்கு ஒன்று. மனிதர்கள் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அது அவர்கள் உரிமை. தரவுத்தளம்தான் எந்த விதியில் அடுக்கினோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

யூனிகோட்_பிரியர்

இதை ஏற்றுக்கொள்கிறேன். சாவிப் புலங்களுக்கு சி, காட்டும் புலங்களுக்கு ஐசியூ என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. முழு தரவுத்தளத்துக்கும் ஐசியூ என்று சொன்னது, ஜிலிப்சியோடு ஒப்பிட்டு. துருக்கிய ஐ-யையும் இங்கே யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன்.

எட்டுக்கேபி

அது வரிசை இல்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாற்றம். ஆனால் ஒரே லொகேலிலிருந்து வருவதால் சேர்ந்தே கடிக்கும். துருக்கிய மொழியில் புள்ளி வைத்த ஐ வேறு, புள்ளி இல்லாத ஐ வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பெரிய எழுத்து. துருக்கிய லொகேலில், சின்ன எழுத்தாக்கும் லோயர் போட்டு இண்டெக்ஸ் கட்டினால் ஆங்கிலப் பயனர் பெயர்கள் வேறு உருவுக்கு மாறி, தேடும்போது கிடைக்காது. எஸ்க்யூஎல் சர்வரில் துருக்கியக் கொலேஷன் வைத்த இடத்தில், வேறு நாட்டில் எழுதிய நிரல், பெரிய எழுத்தில் வைத்த ஐடி என்ற புலப் பெயரைச் சின்ன எழுத்தில் கேட்டால் அப்படி ஒரு புலமே இல்லை என்று சொல்லும்.

பின்னிரவு_கோடர்

எல்லோருக்கும் நன்றி, நிலவரம் சொல்கிறேன். எட்டுக்கேபி சொன்ன வரிசையிலேயே செய்தோம். மூன்று ஸ்கேனையும் அணைத்துவிட்டுக் குரூப் செய்தபோது இரட்டைப் பில்கள் நாங்கள் அதுவரை கண்ணால் பார்த்ததைவிட அதிகமாக வந்தன. பொருள் குறியீட்டு டேபிளிலும் இருந்தது, அங்கேயும் கோடு போட்ட குறியீடுதான். கடைக்காரரும் கணக்காளரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவுசெய்தார்கள். இரண்டாவதாக விழுந்த பில்களில் பலவும் போலி இல்லை, உண்மையான விற்பனை, எண் மட்டும்தான் மோதியது. அதனால் நீக்காமல் புது எண் கொடுத்தோம். நீக்கியிருந்தால் வரிக் கணக்கு போயிருக்கும்.

பிறகு ரீஇண்டெக்ஸ், ஏஎம்செக், எல்லாம் சுத்தம். அடுத்ததாகப் பில் எண், பொருள் குறியீடு புலங்களை சி கொலேஷனுக்கு மாற்றப்போகிறோம். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

எட்டுக்கேபி

நீக்காமல் எண் மாற்றியது நல்ல முடிவு.

புலத்தின் கொலேஷனை மாற்றும்போது அதன் இண்டெக்ஸ்கள் மறுபடி கட்டப்படும், அதுவரை டேபிள் முழுசாகப் பூட்டப்படும். கடை மூடியபின் செய்யுங்கள். வேறு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ இருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் சி ஆனால் இரண்டு டேபிளையும் ஜாயின் செய்யும் இடங்களில் ஒப்பீடு சி-யில் நடக்கும், மறுபக்கத்தின் இண்டெக்ஸ் பயன்படாமல் போகும்.

இன்னொன்று, கேட்க மறந்தேன். எந்த டேபிளாவது எழுத்துப் புலத்தை வைத்து ரேஞ்ச் பார்ட்டிஷன் (மதிப்பின் வீச்சுப்படி டேபிளைத் துண்டுகளாகப் பிரிப்பது) செய்யப்பட்டிருக்கிறதா?

பின்னிரவு_கோடர்

ஆமாம், பில் விவர டேபிள். கிளை வாரியாகப் பிரிக்க வேண்டும் என்று பில் எண்ணின் வீச்சை வைத்துத்தான் செய்திருக்கிறோம்.

எட்டுக்கேபி

அப்படியானால் வேலை இன்னும் முடியவில்லை. பார்ட்டிஷன் எல்லையும் அதே ஒப்பீட்டில்தான் முடிவாகிறது. பழைய விதிப்படி ஒரு பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்த பதிவு, புது விதிப்படி பக்கத்துப் பார்ட்டிஷனைச் சேர்ந்ததாக இருக்கலாம். ரீஇண்டெக்ஸ் இதைத் தொடாது, ஏஎம்செக்கும் சொல்லாது, ஒவ்வொரு பார்ட்டிஷனின் இண்டெக்ஸும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். ஆனால் தேடும்போது, தேடல் வழியைத் திட்டமிடும் பிளானர் "அந்தப் பார்ட்டிஷனில் இருக்க வாய்ப்பே இல்லை" என்று திறந்தே பார்க்காமல் ஒதுக்கிவிடும். சி கொலேஷனுக்கு மாறினால் எல்லைகள் இன்னொரு முறை நகரும்.

பார்ட்டிஷன் சாவியாக இருக்கும் புலத்தின் வகையை இருந்த இடத்திலேயே மாற்றவும் விடாது. அதனால் சி கொலேஷனில் புது டேபிள் ஒன்றைப் பார்ட்டிஷன்களோடு உருவாக்குங்கள், எல்லைகளை பைட் வரிசைக்கு ஏற்ப மறுபடி யோசியுங்கள், 10 என்று தொடங்கும் கிளை 2-க்கு முன்னால் வரும் என்பதை நினைவில் வையுங்கள். கிளை எண்ணைத் தனி முழு எண் புலமாக்கி அதன்மேல் லிஸ்ட் பார்ட்டிஷன் போட முடிந்தால் இன்னும் நல்லது. பழைய பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக நேரடிப் பெயரில் படித்துப் புதியதில் போடுங்கள், தாய் டேபிள் வழியாக வடிகட்டிப் படிக்காதீர்கள். கடைசியில் பழைய பார்ட்டிஷன்களின் மொத்த எண்ணிக்கையும் புது டேபிளின் எண்ணிக்கையும் ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.